பல்லாவரத்தில் இறங்கும் பம்மல்

பம்மலில் தண்டவாளம் கிடையாது. ரயில்வே கால அட்டவணையில் அந்த ஊரின் பெயரும் கிடையாது. ஆனால் காலை ஏழு மணிக்கு பம்மல் பிரதான சாலையில் வந்து நின்று பாருங்கள். ஊரில் பாதி ஸ்டேஷனைப் பார்த்துத்தான் போய்க்கொண்டிருக்கும். தோளில் பை, கையில் டிபன் கேரியர், நடந்துகொண்டே முடியும் பின்னல். பேருந்து வந்தால் பேருந்து, இல்லாவிட்டால் ஷேர் ஆட்டோ, அதுவும் நிறைந்திருந்தால் நடை. எல்லோரும் போய்ச் சேருகிற இடம் ஒன்றே: பல்லாவரம் ரயில் நிலையம்.

சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 29 கிலோமீட்டர் நீளும் புறநகர்ப் பாதையில், திரிசூலத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவே இருக்கிறது இந்த நிலையம். எழும்பூரைப் போல இதைப் படம் பிடிக்க யாரும் வருவதில்லை. எக்ஸ்பிரஸ் வண்டிகள் பெரும்பாலும் நிற்காமல் தூசி கிளப்பிக்கொண்டு கடந்துவிடும். ஆனாலும் இந்த நிலையத்தை நம்பித்தான் பம்மல், அனகாபுத்தூர், பொழிச்சலூர், நாகல்கேணி, அதற்கப்பால் குன்றத்தூர் வரை எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. 2011 கணக்கெடுப்பில் பம்மலின் மக்கள்தொகை மட்டுமே 75 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அனகாபுத்தூரில் 48 ஆயிரம். இந்த இரண்டு ஊர்களுக்கும் சொந்தமாக ஒரு பிளாட்பாரம் இல்லை. இவர்களுக்கு ‘நம்ம ஸ்டேஷன்’ என்றால் பல்லாவரம்தான்.

இந்த நிலையத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதை எழுதிவைக்க வேண்டும் என்று பல நாளாக எண்ணம். தினமும் நாம் மிதித்துப் போகிற இடம் என்பதாலேயே அதைத் திரும்பிப் பார்க்காமல் இருந்துவிடுகிறோம்.

தண்டவாளம் வருவதற்கு முன்

ரயில் வருவதற்கு முன்பே உலகம் அறிந்த ஊர் பல்லாவரம். 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணிபுரிந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கே ஒரு சரளைக் குழியிலிருந்து கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் சான்று அந்தக் கல்தான். தென்னிந்தியாவின் முதல் ரயில் அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1856 ஜூலை 1 அன்று, ராயபுரத்திலிருந்து ஆற்காடு நோக்கி ஓடிவிட்டது. ஆனால் பல்லாவரத்தில் அப்போது தண்டவாளம் போடப்படவில்லை. ஃபூட் வந்த ஊரில் ராணுவக் குடியிருப்பும், மலையும், ஏரிகளும், திருச்சிப் பக்கம் போகிற பெருவழியும்தான் இருந்தன. மலையில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குகைக் கோயில். அது பின்னாளில் தர்காவாயிற்று. இன்றும் அங்கே மக்கள் வந்து வேண்டிக்கொள்கிறார்கள்.

மீட்டர் கேஜ் பாதை 1870களில் சென்னையிலிருந்து செங்கல்பட்டு வழியாகத் தெற்கே இறங்கியது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி போட்ட பாதை அது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே சரியாக ஒரு மீட்டர் இடைவெளி. தூத்துக்குடிக்கும், பின்னர் 1914-ல் பாம்பன் பாலம் வந்தபின் தனுஷ்கோடிக்கும் போன வண்டிகள் எல்லாம் பல்லாவரத்தைக் கடந்துதான் போயின. இலங்கைக்குப் போகிறவர்கள் ஏறிய ‘போட் மெயில்’ இந்த வழிதான். அந்த நாட்களில் பம்மல் ஏரிப் பாசனத்தில் வாழ்ந்த சிற்றூர். வயலில் நாற்று நடுகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தால் தூரத்தில் புகை தெரியும்.

பம்மல் என்ற பெயரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனவர் இந்த ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட சம்பந்த முதலியார். 1873-ல் பிறந்தார். 1891-ல் சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் இருந்துகொண்டே, நாடகம் கௌரவமான கலை என்று படித்தவர்களை நம்ப வைத்தவர் அவர். நாடகம் பார்த்தவர்களில் எத்தனையோ பேர் பம்மல் எங்கே இருக்கிறது என்று அறியாமலே அந்தப் பெயரைச் சொல்லிப் பழகினார்கள். ஊரின் பெயர் முதலில் மேடை ஏறியது. ஊர் மக்கள் ரயிலேறியது அதற்குப் பிறகுதான்.

1931

சென்னை தெற்கே நகர ஆரம்பித்தது 1920களில். மாம்பலத்தின் பெரிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை உருவாக்கினார்கள். ஊழியர்கள் நகருக்கு வெளியே வீடு கட்டினார்கள். நீராவி வண்டியால் இந்தக் கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை. நிலையத்துக்கு நிலையம் இடைவெளி குறைவு. நீராவி எஞ்சின் வேகம் பிடிப்பதற்குள் அடுத்த நிலையம் வந்துவிடும். தாம்பரம் போய்ச் சேர்ந்ததும் எஞ்சினைக் கழற்றி, சுற்றிக் கொண்டுவந்து மறுமுனையில் மாட்ட வேண்டும். மின்சார வண்டியில் அந்த வேலை இல்லை. இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. ஓட்டுநர் இறங்கி, பிளாட்பாரத்தில் நடந்து மறுமுனையில் ஏறிக்கொண்டால் வண்டி திரும்பத் தயார்.

1931 ஏப்ரல் 2 அன்று சென்னை மாகாண ஆளுநர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் சேவையைத் தொடங்கிவைத்தார். மே 11 முதல் பொதுமக்கள் ஏறினார்கள். பம்பாய் 1925-லேயே மின்சார ரயிலைக் கண்டுவிட்டது. அதற்கு அடுத்தது சென்னை. கல்கத்தா இன்னும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. மீட்டர் கேஜில் மின்சாரப் புறநகர் ரயில் ஓடியது இந்தியாவிலேயே இங்கே மட்டும்தான். அதில் நாம் பெருமைப்படத்தான் வேண்டும்.

தண்டவாளம் வந்தபின் வழியெங்கும் ஊர்கள் முளைத்ததைப் பாருங்கள். 1912-ல் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியின் பெயரே அடுத்த நிலையத்துக்குக் குரோம்பேட்டை என்று நிலைத்தது. டாக்டர் சவுரி முத்து 1928-ல் தொடங்கிய காசநோய் மருத்துவமனை, ‘தாம்பரம் சானடோரியம்’ என்று ஒரு நிலையத்தின் பெயராயிற்று. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி நகரின் நெரிசலை விட்டு 1937-ல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. 1949-ல் சி. ராஜம் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியைத் தொடங்கினார். அப்துல் கலாம் படித்தது அங்கேதான். தோல் பதனிடும் தொழிலோ பல்லாவரத்திலும் நாகல்கேணியிலும் பம்மலிலும் வேரூன்றியது. அந்தத் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. கிணற்றுத் தண்ணீரையும் கெடுத்தது. இரண்டையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

1967 ஜனவரியில் 1,500 வோல்ட் நேர்மின்சாரம் போய் 25,000 வோல்ட் மாறுமின்சாரம் வந்தது. இதில் பயணிக்குத் தெரிந்தது புதிய வண்டிகள் மட்டும்தான்.

எங்கள் வீட்டில் அப்பாவின் சீசன் டிக்கெட் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கும். பிளாஸ்டிக் உறைக்குள் மடித்த காகிதம், மூலையில் எண்ணெய்க் கறை. குளித்துவிட்டு வந்து விபூதி பூசும் கையோடு அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். நான் சிறுவனாக முதலில் கையில் பிடித்தது கெட்டி அட்டை டிக்கெட். கவுன்ட்டரில் அதை ஒரு இரும்புப் பொறிக்குள் செருகி எடுப்பார்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம், தேதி பதிந்துவிடும். அந்த அட்டையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே மாம்பலம் வரை போவேன். மீட்டர் கேஜ் வண்டி குறுகலானது. எதிர் எதிர் இருக்கையில் உட்கார்ந்தால் முட்டியும் முட்டியும் இடிக்கும். முட்டி இடித்ததாலேயே பேச்சு வந்துவிடும். யார் வீட்டில் கல்யாணம், எந்த ஆபீஸில் ஆள் எடுக்கிறார்கள், பம்மலில் எந்த மனை விலைக்கு வருகிறது என்று எல்லாம் அங்கேதான் தெரியும்.

அகலப்பாதை வந்தபின்னும் சில ஆண்டுகள் இரண்டு வகை வண்டிகளும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. 2004 ஜூலை 1-ஓடு மீட்டர் கேஜ் மின்சார ரயில் நின்றுபோனது. எழுபத்து மூன்று ஆண்டுச் சேவை. ஒரு மீட்டர் அகலத்தில் ஓடியது 1,676 மில்லிமீட்டருக்கு மாறியது. ஒன்பது பெட்டி வண்டிகள் பன்னிரண்டாயின. பிளாட்பாரங்கள் நீண்டன. ஆனாலும் காலை எட்டரை மணிக்குப் பல்லாவரத்தில் ஏறுகிறவருக்கு உட்கார இடம் கிடைப்பதில்லை. செங்கல்பட்டிலிருந்தும் கூடுவாஞ்சேரியிலிருந்தும் வண்டி நிறைந்தே வருகிறது.

ஐந்து ரூபாய்

இந்த நிலையம் செய்யும் சேவையைப் பட்டியல் போடுவதைவிட, ஐந்து ரூபாய் டிக்கெட்டைப் பற்றிச் சொன்னால் போதும். சாதாரண மின்சார ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் இன்றும் ஐந்து ரூபாய்தான். கடையில் ஒரு டீ குடிக்க இதைப்போல இரண்டு மூன்று மடங்கு வேண்டும். மாம்பலத்தில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிற அக்கா, கோயம்பேட்டுக்குப் பூ வாங்கப் போகிறவர், பாரிமுனையில் மூட்டை தூக்குகிறவர், கிண்டித் தொழிற்பேட்டைக்குப் போகிற இளைஞர் எல்லோருடைய வாழ்க்கைக் கணக்கும் இந்த டிக்கெட்டின் மேல்தான் நிற்கிறது. கட்டணம் இருபது ரூபாயாக இருந்தால் பம்மலில் குடியிருந்து மாம்பலத்தில் வேலை செய்வது கட்டுப்படியாகாது. அவர்கள் மாம்பலத்தில் வீடு எடுக்கவும் முடியாது. வேலையையே விட வேண்டியதுதான்.

இது எவ்வளவு உண்மை என்று 2020-ல் கண்ணால் பார்த்தோம். மார்ச்சில் கொரோனா ஊரடங்கோடு ரயில் நின்றது. ஊரடங்கு தளர்ந்து கடைகள் திறந்தன, பேருந்துகள் ஓடின. மின்சார ரயில் மட்டும் வரவில்லை. அக்டோபரில் அத்தியாவசியப் பணியாளர்களுக்கு, நவம்பரில் பெண்களுக்கு, டிசம்பர் கடைசியில்தான் குறிப்பிட்ட நேரங்களில் மற்றவர்களுக்கும் அனுமதி. அந்த மாதங்களில் பம்மல் தெருக்களில் சைக்கிள் திடீரென்று பெருகியது. கிண்டிக்கு மிதித்துப் போனவர்கள் உண்டு. வேலை கைவிட்டுப் போனவர்களும் உண்டு. ஸ்டேஷனின் மூடிய கேட்டை அன்று பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

மகளிர் பெட்டியை ஒருமுறையாவது கவனியுங்கள். ஜன்னலோரம் ஒருவர் மடியில் மல்லிகையைக் கொட்டி வைத்துத் தொடுத்துக்கொண்டிருப்பார். பல்லாவரத்தில் ஏறும்போது உதிரிப் பூ. இறங்கும்போது முழம் முழமாகச் சரம். எதிரில் ஒருவர் முளைக்கீரை ஆய்ந்து பையில் போடுவார். தண்டு ஒரு பக்கம், இலை ஒரு பக்கம். நடுவில் ஒரு மாணவி நின்றபடியே மறுநாள் தேர்வுக்குப் படிப்பாள். வீட்டில் கிடைக்காத முக்கால் மணி நேரத்தை இந்தப் பெண்களுக்கு ரயில் தருகிறது.

வெள்ளிக்கிழமையானால் நிலையத்தின் முகமே மாறிவிடும். பழைய டிரங்க் ரோட்டில் பல்லாவரம் சந்தை கூடும் நாள். செடி, கோழி, மீன்தொட்டி, பழைய மிக்ஸி, தையல் மெஷின் என்று எது வேண்டுமானாலும் கிடைக்கும் சந்தை அது. சாயங்கால வண்டியில் ரோஜாச் செடியை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்க்கலாம். கூட்டத்தில் கிளை ஒடிந்துவிடக் கூடாதென்று பக்கத்தில் நிற்பவர் தன் பையைச் சற்றே நகர்த்திக்கொள்வார். கிருத்திகை என்றால் குன்றத்தூர் முருகனுக்கு, சனிக்கிழமை என்றால் திருநீர்மலைப் பெருமாளுக்கு என்று இறங்கும் கூட்டம் வேறு. சேக்கிழார் பிறந்த குன்றத்தூருக்கும், ஆழ்வார் பாடிய திருநீர்மலைக்கும் ரயிலில் வருகிறவர்களுக்கு வாசற்படி பல்லாவரம்.

2025 ஏப்ரல் 19 முதல் கடற்கரை - செங்கல்பட்டு பாதையில் குளிர்சாதன மின்சார ரயிலும் ஓடுகிறது. கதவுகள் தானே மூடிக்கொள்கின்றன. படிக்கட்டில் தொங்கிப் பறிபோன உயிர்களை நினைத்தால் அந்தக் கதவு எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியும். 2018 ஜூலையில் பரங்கிமலை நிலையத்தில், படியில் தொங்கியபடி வந்தவர்கள் கான்கிரீட் சுவரில் மோதி இறந்த துயரத்தை இந்தப் பாதை இன்னும் சுமக்கிறது. ஆனால் அந்தக் குளிர்சாதன வண்டியில் குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய், அதாவது சாதாரண டிக்கெட்டைப் போல ஏழு மடங்கு. அது வரட்டும், நல்லதுதான். சாதாரண வண்டி ஒன்றைக் குறைத்துவிட்டு அது வரக் கூடாது. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு மாதம் 25 ரூபாயில் ‘இஸ்ஸத்’ சீசன் டிக்கெட் என்று 2009-ல் அறிவித்தார்கள். அதற்கு மாத வருமானம் 1,500 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்று வரம்பு. பாத்திரம் தேய்த்துப் பிழைப்பவர்கூட இன்று அந்த வரம்புக்குள் வரமாட்டார். யாருக்காகக் கொண்டுவந்தார்களோ அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் அந்தத் திட்டம் இருக்கிறது.

மிச்சமிருக்கும் இரண்டு கிலோமீட்டர்

பம்மலின் கஷ்டம் ரயிலில் இல்லை. ரயிலுக்கு முன்னும் பின்னும் இருக்கிறது. பம்மலிலிருந்து நிலையம் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். கடற்கரையிலிருந்து பல்லாவரம் வரை ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறவருக்கு, அங்கிருந்து வீடு போய்ச் சேர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிற நாட்கள் உண்டு. மழை பெய்தால் கேட்கவே வேண்டாம்.

நிலையம் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலைக்குக் கிழக்கே இருக்கிறது, பம்மல் மேற்கே. நடுவில் விமான நிலையத்துக்கும் தென்மாவட்டங்களுக்கும் போகிற வாகனங்கள் ஓயாமல் ஓடும் சாலை. 2020 செப்டம்பரில் அங்கே மேம்பாலம் திறந்தார்கள். கார்களுக்கு நல்ல காலம் பிறந்தது. கீழே கைக்குழந்தையோடு சாலையைக் கடக்கிற தாய்க்கு அந்தப் பாலத்தால் கிடைத்தது நிழல் மட்டும்தான். ஷேர் ஆட்டோக்காரர்கள் இல்லாவிட்டால் பம்மல் திண்டாடிப்போகும். பலர் அவர்களைக் குறை சொல்லுகிறார்கள். அரசு செய்ய வேண்டிய வேலையை இத்தனை ஆண்டுகளாக அவர்கள்தான் செய்கிறார்கள் என்பதை நான் மறுக்க மாட்டேன்.

மாநகரப் பேருந்தில் 2021 மே முதல் சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம். பம்மலிலிருந்து நிலையத்துக்கு இலவசப் பேருந்து, அங்கிருந்து ஐந்து ரூபாய் ரயில் என்றால் எவ்வளவு பெரிய உதவி! ஆனால் பேருந்தின் நேரமும் ரயிலின் நேரமும் ஒன்றையொன்று அறியாது. ரயில் வந்து நின்றதும் நானூறு ஐந்நூறு பேர் ஒன்றாக இறங்குவார்கள். அந்த நிமிடத்தில் பம்மல் பேருந்து ஒன்று நிற்க வேண்டும். நிற்பதில்லை. பத்து நிமிடம் கழித்து வரும்போது கூட்டம் ஆட்டோவில் போயிருக்கும், பேருந்து காலியாகப் போகும். பிறகு ‘இந்தத் தடத்தில் கூட்டம் இல்லை’ என்று ஏட்டில் எழுதிவிட்டால் பேருந்தைக் குறைக்கவும் காரணம் கிடைத்துவிடும்.

இதைச் சரிசெய்யப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. பேருந்து, ரயில், மெட்ரோ எல்லாவற்றையும் ஒன்றாகத் திட்டமிடுவதற்கென்றே சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010-ல் சட்டம் இயற்றினார்கள். 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்று’ செயலி வந்தது. ஒரே டிக்கெட்டில் எல்லாவற்றிலும் ஏறலாம் என்கிறார்கள். டிக்கெட் ஒன்றானது நல்லது. அடுத்ததாக நேரமும் ஒன்றாக வேண்டும். காலை ஆறரையிலிருந்து பத்து வரையும், மாலை ஐந்திலிருந்து ஒன்பதரை வரையும் பம்மல், அனகாபுத்தூர், பொழிச்சலூருக்குச் சிற்றுந்துகள் நிலைய வாசலுக்கும் ஊருக்குமாக ஓடிக்கொண்டே இருந்தால் போதும். தொலைவு குறைவு என்பதால் நான்கைந்து வண்டிகளே பலமுறை சுற்றி வந்துவிடும். 2021-ல் பம்மல், அனகாபுத்தூர், பல்லாவரம் நகராட்சிகள் எல்லாம் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. இது எங்கள் எல்லையில் இல்லை என்று யாரும் இனிச் சொல்ல முடியாது.

இன்னொரு வேண்டுகோள் முதியவர்களுக்காக. பம்மலில் உள்ள கண் மருத்துவமனைக்கு வெளியூர்களிலிருந்து எத்தனையோ பேர் ரயிலில் வருகிறார்கள். கண்ணில் கட்டுப் போட்டுக்கொண்டு, பேத்தியின் தோளைப் பிடித்தபடி நடைமேம்பாலப் படியில் ஒவ்வொரு காலாகத் துழாவி வைக்கும் ஒரு பாட்டியைச் சென்ற மாதம் பார்த்தேன். நாற்பது படி ஏறி, நாற்பது படி இறங்கி, பிறகு ஜி.எஸ்.டி. சாலையையும் அவர் கடக்க வேண்டும். பிளாட்பாரத்திலிருந்து சாலையின் மேற்குப் பக்கம் வரை, படியேற முடியாதவர்கள் ஒரே மூச்சில் போய்ச் சேருகிற வழி வேண்டும். லிஃப்ட் இருந்தால் மட்டும் போதாது, அது எந்நேரமும் ஓட வேண்டும். அப்படி ஒரு வழி இருந்தால் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து உயிரை விடுகிறவர்களும் குறைவார்கள்.

விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ வரப்போகிறது என்ற பேச்சு ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. வந்தால் வரவேற்போம். அதற்காக இந்த இரண்டு கிலோமீட்டர் காத்திருக்க வேண்டாம்.

1931-ல் ஆளுநர் கொடியசைத்த பாதையில் பம்மலுக்கு நிலையம் கிடைக்கவில்லை. இனிக் கிடைக்கப்போவதும் இல்லை. பம்மல் மக்கள் அதைக் கேட்கவும் இல்லை. பல்லாவரத்தில் இறங்கினால் வீட்டுக்குப் போக ஒரு பேருந்து நிற்க வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். தாம்பரம் மாநகராட்சியும், மாநகரப் போக்குவரத்துக் கழகமும், ரயில்வேயும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசினால் அடுத்த கால அட்டவணையிலேயே இதைச் செய்துவிடலாம். செய்து கொடுங்கள்.